நாலாவது கோல்

செக்கருக்குச் சந்தேகம் தட்டியது நாலாவது கோலில்தான். முதல் மூன்றும் நியாயமான கோல்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளை பாய்ந்து பார்த்தாள், உருண்டு பார்த்தாள், முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து நின்றாள். எதிரணிப் பிள்ளைகள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், அவள் ஒருத்தி என்ன செய்வாள்? ஆனால் நாலாவது பந்து அப்படி வரவில்லை. பென்ஷன் வாங்கப் போகிற பெரியவர் மாதிரி ஆற அமர உருண்டு வந்தது. ஒரு பூனைக்குட்டி குறுக்கே படுத்திருந்தால்கூட நின்றிருக்கும். கோல் காக்க வேண்டியவளோ பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி எங்கேயோ பார்த்தாள், அப்புறம் ஒப்புக்கு ஒரு காலை நீட்டினாள். பந்து உள்ளே போய் வலையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. அவள் செக்கரின் ஒரே மகள்.

செக்கர் என்பது அவர் பெயர் இல்லை, பிழைப்பு. டவுன் பஸ்ஸில் ஏறி டிக்கெட் சோதிக்கிற உத்தியோகம். டிக்கெட் எடுக்காதவனை அவர் கேட்டுக் கண்டுபிடிப்பதில்லை, பார்த்தே கண்டுபிடிப்பார். அதுவரை தூங்கி வழிந்தவன் அவர் ஏறியதும் ஜன்னல் வழியாக ஊரை ரசிக்க ஆரம்பித்தால் முடிந்தது, நேரே அவன் தோளைத் தட்டுவார். நல்ல கண், மறுப்பதற்கில்லை. ஆனால் வேலை முடிந்ததும் அந்தக் கண்ணை டிப்போவில் கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியவில்லை மனிதருக்கு. பால் பாக்கெட் போடுகிறவர், மாடி வீட்டுக்காரர், சொந்த மச்சான் யாரையும் விட்டுவைக்கிறதில்லை. “இந்த வீட்டுக்குள்ள நடக்கவே பயமா இருக்குங்க. எப்போ டிக்கெட் கேப்பீங்கன்னு தெரியல” என்பாள் மனைவி. சிரிப்பாள் என்றாலும் முழுக்க வேடிக்கைக்குச் சொன்னதில்லை அது.

ஆட்டம் நடப்பது வரிசையாகக் கிடங்குகள் இருக்கிற தெருவுக்குப் பின்னால். சுற்றிக் கம்பி வலை, கீழே செயற்கைப் புல், பக்கத்துக்கு ஐந்து பேர், எல்லாம் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். வாசலில் விதிப்பலகை மாட்டியிருக்கும். பெற்றோர் கயிற்றைத் தாண்டக் கூடாது, கைதட்டலாம், ஆனால் கத்தக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ஒரு அணி நாலு கோல் பின்தங்கிவிட்டால் கூடுதலாக ஒரு ஆளை இறக்கி, முடிகிறவரை ஆறு பேராக ஆடலாம் என்றும் இருக்கும். அடி வாங்குகிற பிள்ளைகள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகக் கூடாதே என்று யாரோ ஈர நெஞ்சுக்காரர் எழுதிய விதி. செக்கர் முதல் நாளே பலகையை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டார். படிக்காமல் இருப்பாரா?

மகளின் அணியை நடத்துகிறவர் ஜெர்சி மாமா. விளையாட்டுச் சாமான் கடைக்காரர். ஜெர்சி அவர் உபயம், முதுகில் அவர் கடை விளம்பரம், ஆகவே கோச்சும் அவரே. பத்து ஆட்டம் ஆடினால் எட்டில் தோற்கிற அணி. அதில் ஆறு பிள்ளைகள். ஐந்து பேர் ஆடுவார்கள். ஆறாவது ஆளான சுண்டு, பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். சுண்டுவிரல் சைஸில் இருப்பதால் அந்தப் பெயர். பந்து கிழக்கே போனால் மேற்கே ஓடுகிற ரகம், ஆனால் ஓட்டத்தில் குறை வைக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்து செக்கர் பழைய ஆட்டங்களையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பகீரென்றது. ரெண்டு கோலோடு நின்ற ஆட்டங்களில் பிள்ளை கடைசி நிமிஷம் வரை கல்லாட்டம் நின்றிருக்கிறாள். பதிலுக்கு ஒன்றும் போடாமல் மூன்று வாங்கிய ஆட்டங்களில் மட்டும் நாலாவதும் விழுந்திருக்கிறது, அதுவும் எல்லாம் இதே மாதிரி ஊர்ந்து வந்த பந்து.

“புள்ளைக்குக் களைப்பா இருக்கும்” என்றாள் மனைவி.

“களைச்சவ தலையைத் திருப்பிப் பாக்க மாட்டா. எதையோ எதிர்பாக்கறவதான் பாப்பா.”

“பத்து வயசுப் புள்ளைங்க. பெத்த பொண்ணையே புடிச்சுக் குடுத்துடுவீங்க போல.”

அவருக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. பிள்ளை பொய் சொல்லிப் பழகிவிட்டால் அப்புறம் அவள் வாயிலிருந்து வருகிற எதை நம்புவது என்கிற பயம். பஸ்ஸில் எத்தனையோ பொய்யைப் பார்த்தவருக்கு, அது தன் வீட்டுக்குள் வந்து உட்காருவதைத் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் துவைக்கப் போட்ட விளையாட்டு நிக்கர் பையில் ஒரு மாத்திரை அட்டை கிடைத்தது. சப்பிச் சாப்பிடுகிற ஆரஞ்சு மாத்திரை. பாதி காலி.

“இது யார் குடுத்தா?”

“சுண்டு அம்மா.”

“எதுக்கு?”

“சும்மாதான்ப்பா.”

செக்கரின் அகராதியில் சும்மா என்ற சொல்லே கிடையாது. சுண்டுவின் அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். ஆட்டத்துக்கு நேரே கடையிலிருந்து வருவாள், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல். அவள் எதற்காக ஊரார் பிள்ளைக்கு அட்டை அட்டையாகக் கொடுக்க வேண்டும்?

மறு வாரம் அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தை மட்டும் பார்த்தார். மூன்றாவது கோல் விழுந்தது. பிள்ளை பந்தை எடுத்துப் போட்டுவிட்டுத் தலையைத் திருப்பினாள். அந்தப் பார்வை போன வழியே இவரும் பார்த்தார். பெஞ்சில் சுண்டு, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். பெஞ்சுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு. அடுத்த பந்து மெல்ல வந்தது, ஒப்புக்கு ஒரு கால் நீண்டது, கோல். ஜெர்சி மாமா வாட்சைப் பார்த்துவிட்டு, “சுண்டு, இறங்கு!” என்றார். அந்தப் பிள்ளை வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி பாய்ந்தது, வழக்கம்போல் தப்பான திசையில். மருந்துக்கடை அம்மா கை சிவக்கத் தட்டினாள். கோலில் நின்ற இவர் மகள் சிரித்தாள்.

நாலு வாங்கிய கீப்பர் சிரிப்பாளா? செக்கருக்குக் கணக்கு நேராகிவிட்டது. நாலு விழுந்தால்தான் அந்தப் பிள்ளை இறங்க முடியும். நாலு விழ வைக்க ஒருத்தியைக் கைக்குள் போட்டுக்கொண்டால் போதும். அதற்கு விலை ஆரஞ்சு மாத்திரை!

ஆட்டம் முடிந்ததும் வாசல் குழாயடியில் மருந்துக்கடை அம்மாவை மடக்கினார்.

“ஒரு நிமிஷம்மா. எம் பொண்ணுக்கு மாத்திரை குடுத்துக் கோல் விடச் சொல்றது உங்களுக்கே நல்லா இருக்கா?”

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. “என்ன சார் சொல்றீங்க?”

“நாலு கோல் விழுந்தாத்தான் உங்க பொண்ணு உள்ள போக முடியும். அதுக்காக எம் பொண்ணு வேணும்னே பந்தை விடறா. நான் பாத்துட்டுதான் இருக்கேன். வெவரம் தெரியாத புள்ளையைக் கெடுக்காதீங்க.”

“மாத்திரை எல்லாப் புள்ளைங்களுக்கும்தான் குடுத்தேன். கடையில சாம்பிளுக்கு வர்றது. உங்களுக்குக்கூட நீட்டினேன், நீங்கதான் காலாவதி தேதி பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தீங்க.” அவள் குரல் அதுவரை கோபமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் மிச்சப் பாதி அவள் மண்டையில் ஏறியது. “வேணும்னே விடறாளா? என்... என் பொண்ணுக்காகவா?”

குழாய் அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டே இருந்தது. பாட்டில் நிரம்பி வழிவதைப் பார்க்காமல் சுண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. அந்தப் பிள்ளை ஊரெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு திரிந்தது தெரியுமா? ஆட்டம் எப்போது கைவிட்டுப் போகிறதோ அப்போதுதான் தன்னைக் கூப்பிடுவார்கள், தான்தான் கடைசி அஸ்திரம் என்று. மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம் அம்மாவும் அதையே பெருமையாகச் சொல்வாள். பாட்டிலை மூடாமலே கையில் பிடித்துக்கொண்டு சுண்டு தெருவில் இறங்கி நடந்தாள். அம்மா பின்னாலேயே ஓடினாள். திருடனைப் பிடித்துவிட்டோம் என்ற திருப்தி வர வேண்டிய இடத்தில் செக்கருக்கு வாயெல்லாம் கசந்தது.

வீட்டில் மகள் சோறு வேண்டாம் என்றாள். அறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு அவரே கேட்டார். “சொல்லும்மா. வேணும்னேதானே விட்ட?”

“ஆமா.” ஒரு தயக்கம் இல்லை. “டீம்ல எல்லாருக்கும் தெரியும், அவளைத் தவிர. எல்லாரும் பேசி வெச்சதுதான். மூணு விழுந்தா நாங்க தோத்தாச்சு. நாலு விழுந்தா என்ன குறைஞ்சு போகுது? அவளாவது ஆடுவா.”

“அப்படியெல்லாம் செய்யலாமா? பலகையில என்ன போட்டிருக்கு?”

“எல்லாரும் பாதி ஆட்டமாவது ஆடணும்னும் போட்டிருக்குப்பா. மாமா அவளை இறக்கவே மாட்டேங்கறார். அதை ஏன் யாரும் செக் பண்ணல?”

செக்கர் அந்த வரியைப் படித்திருந்தார். தன் பிள்ளை முழு ஆட்டமும் ஆடுகிறாள், தனக்கு அந்த வரி எதற்கு? கண் அதைத் தாண்டி ஓடிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னிடமே டிக்கெட் இல்லாத மாதிரி அவருக்கு உடம்பு கூசியது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“சரி, உங்க மாமா செய்யறது தப்பு. ஆனா எதிர்ல ஆடற புள்ளைங்க என்ன பண்ணாங்க? கஷ்டப்பட்டு ஓடி வந்து அடிக்கறான் ஒருத்தன். நீ தானமாப் போடற. அது கோல்னு நெனச்சு அவன் குதிக்கறான். அவனையும் ஏமாத்தறதுதானே?”

இதை மகள் யோசித்ததில்லை என்று தெரிந்தது. கால் கட்டை விரலால் தரையைக் கொஞ்ச நேரம் தேய்த்தாள்.

“இனிமே விட மாட்டேன்” என்றாள். “ஆனா சுண்டு எப்பவுமே ஆட மாட்டா. உங்களுக்கு இப்போ சந்தோஷமா?”

கதவை மெல்லத்தான் சாத்தினாள். ஓங்கி அடித்துச் சாத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வாரம் முழுக்க அப்பாவிடம் அவள் பேசியது கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும்தான்.

அடுத்த ஆட்டத்துக்குச் செக்கர் சீக்கிரமே போய் ஜெர்சி மாமாவைப் பிடித்தார். “சுண்டுவையும் பாதி ஆட்டம் இறக்கணும். விதியில இருக்கு.”

“கூடுமானவரைன்னு ஒரு வார்த்தையும் இருக்கு சார். சரி, நீங்க சொல்றீங்க, இறக்கிடறேன். யாரை வெளிய எடுக்கட்டும்? உங்க பொண்ணை எடுக்கட்டுமா?”

செக்கர் வாயைத் திறந்தார். எவ்வளவு பெரிய நியாயஸ்தரும் தன் பிள்ளை என்றால் எச்சில் விழுங்குகிற இடம் ஒன்று இருக்கிறது, மனிதர் அங்கே வந்து மாட்டிக்கொண்டார். ஜெர்சி மாமா அவர் தோளைத் தட்டிவிட்டு, “அதான் சார்” என்று சொல்லிப் போய்விட்டார். திரும்பினால் கையுறை மாட்டிக்கொண்டு மகள் நின்றிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

சுண்டு வர மாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தாள். பெஞ்சின் கடைசியில், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டாத குறையாக உட்கார்ந்தாள். மருந்துக்கடை அம்மா கயிற்றோரம் செக்கரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்றாள். கிட்டே போய் இவர், “அன்னிக்கு நான் பேசினது...” என்று ஆரம்பித்தார். “ஆட்டம் பாக்கலாம் சார்” என்று அவள் முடித்துவிட்டாள்.

மூன்று கோல் விழுந்தது. மூன்றும் நியாயமானவை. பிறகு அந்தப் பந்து வந்தது, வழக்கமான அந்தச் சோம்பேறிப் பந்து. அணியில் இருந்த ஐந்து பேரும் அசையாமல் நின்றார்கள். ‘விட்டுடு கண்ணு’ என்று செக்கருக்குள்ளே யாரோ சொன்னார்கள். அது தன் குரல்தான் என்று தெரிந்து அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

“அக்கா, பிடி!” கத்தியது சுண்டு. பெஞ்சு மேலே ஏறி நின்று கத்தினாள். “விடாதக்கா, பிடி!”

மகள் குனிந்து பந்தை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். அணைத்தபடியே கொஞ்சம் நின்றாள். பிறகு கையைத் தூக்கி, விசில் ஊதுகிற கல்லூரிப் பெண்ணைக் கூப்பிட்டு என்னவோ சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டி விசில் ஊதினாள். பந்தைக் கீழே வைத்துவிட்டு மகள் நேராக பெஞ்சுக்கு நடந்து வந்து, கையுறைகளைக் கழற்றிச் சுண்டுவின் மடியில் போட்டாள்.

“நீ போ.”

“ஏய், யாரைக் கேட்டு வெளிய வந்த?” ஜெர்சி மாமா எகிறினார்.

“யாரையும் கேக்க வேணாம் மாமா. ஆள் மாத்தணும்னா விசில் ஊதற அக்காகிட்ட சொன்னா போதும். போர்டுல போட்டிருக்கு.”

அவர் விசில்காரப் பெண்ணைப் பார்த்தார். அவள், “ஆமா சார், விதிதான்” என்றாள். செக்கர் அந்த வரியையும் படித்திருந்தார். அப்பனுக்கு அது வெறும் எழுத்து, பிள்ளைக்கு வழி. கயிற்றைத் தாண்டிப் போய் அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும் போல் கை துடித்தது. பெஞ்சில் உட்கார்ந்தவள் ஒரு முறைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. கீப்பராக நிற்பதென்றால் அவளுக்கு எப்படி உயிர் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சுண்டு கோலுக்கு முன்னால் நின்றாள். கையுறை முழங்கை வரை வந்தது. முதல் பந்து நேரே வயிற்றில் மோதி வெளியே தெறித்தது. பிடித்தாள் என்று சொல்ல முடியாது, பந்துதான் அவளைப் பிடித்தது. ஆனாலும் கோல் இல்லை! அடித்த எதிரணிப் பையனே கைதட்டினான். மருந்துக்கடை அம்மா கோட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. இன்னொரு பந்து வந்தது, ஒரு தள்ளு தள்ளிவிட்ட பந்து, புல் மேல் தவழ்ந்துகொண்டு. இதைப் பிடிக்கச் சுண்டுவாலும் முடியும். அவள் பந்தைப் பார்த்தாள். அப்புறம் தலையைத் திருப்பிப் பெஞ்சைப் பார்த்தாள். அங்கே தனியாக உட்கார்ந்திருந்தவளை நன்றாகப் பார்த்துவிட்டு, பந்து தாண்டுகிற நேரம் பார்த்துப் பொத்தென்று உட்கார்ந்தாள்.

நாலு.

பெஞ்சில் இருப்பதோ ஒரே ஆள். ஜெர்சி மாமா வாய் திறப்பதற்குள், “நாலாச்சு மாமா!” என்று கத்திக்கொண்டு செக்கரின் மகள் உள்ளே ஓடினாள். மற்ற நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுண்டு மட்டும் சிரிக்கவில்லை, பெரிய மனுஷி மாதிரி கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தள்ளி நின்ற மருந்துக்கடை அம்மா மெல்ல நகர்ந்து செக்கர் பக்கத்தில் வந்தாள். அவள் முகத்திலும் இப்போது அவருடைய சந்தேக நோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

“சார், நீங்கதான் கரெக்டாக் கண்டுபிடிப்பீங்க. உண்மையைச் சொல்லுங்க. என் பொண்ணு அதை வேணும்னே விட்டாளா?”

செக்கர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். தலை திரும்பியதைப் பார்த்தார், கண் போன இடத்தைப் பார்த்தார், நேரம் பார்த்து உட்கார்ந்ததைப் பார்த்தார். முப்பது பேர் நிற்கிற பஸ்ஸில்கூட இவ்வளவு தெளிவாக அவர் யாரையும் பிடித்ததில்லை.

“இல்லம்மா” என்றார். “புல்லு ஈரம். காலு வழுக்கிடுச்சு.”

அவள் வெயிலில் காய்ந்து மொறமொறத்துக் கிடந்த புல்லைப் பார்த்தாள். அவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“ஆமா சார்” என்றாள். “வழுக்கத்தான் செய்யும்.”